மணல்குளம் மாதிரி

நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்டப் போகிறோம், அதுவும் ஒரு இடத்தில் இல்லை, நூற்றுப் பதினெட்டு இடத்தில் என்று அரசாங்கத்திலிருந்து ஒருத்தி வந்து சொன்னபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் இழுத்துப் பூட்டிய பிரசவ ஆஸ்பத்திரி அது. நாலே நாலு கட்டில். மணல்குளம் என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரனே எந்த மணல்குளம் என்று கேட்பான். இந்தப் பெண் வீடு தவறி வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் பெயர் ஷமீமா. மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். கணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றாள். கணியைத் தெரியாதவர்கள் இன்று தமிழ்நாட்டில் கிடையாது. எந்தப் பெண் எங்கே பிள்ளை பெற வேண்டும் என்று முப்பது வருடமாக அந்த இயந்திரம்தான் முடிவு செய்கிறது. என்னுடைய நாலு கட்டிலை மூடச் சொன்னதும் அதேதான். அதன் ஆள் என் வாசலில் நிற்கிறாள் என்றதும், காபி கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கொடுத்தேன், அரை தம்ளர்.

கணி சொன்னது தப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வருடத்துக்கு ஐந்நூறு பிரசவம்கூட நடக்காத இடங்களில், பிறந்த முதல் வாரத்துக்குள் போய்விடும் பிள்ளைகள் அதிகம். ஐயாயிரம் நடக்கும் இடத்தில் குறைவு. ஐம்பதாயிரம் என்றால் இன்னும் குறைவு. கணி அதை ஒரு கோடாக வரைந்து வைத்திருந்தது. இடம் சின்னதாகச் சின்னதாகக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

"சின்ன இடத்துல அக்கறை இல்லன்னு அர்த்தமில்ல சலோமி சிஸ்டர்" என்றாள் ஷமீமா. "ஒரே நேரத்துல தாய்க்கு ரத்தம் போவுது, பிள்ளைக்கு மூச்சு இல்ல. ரெண்டு டாக்டர் வேணும். அங்க ஒருத்தர்தான் இருப்பாரு. அவரு யாரப் பாப்பாரு?"

எனக்கா தெரியாது. அப்படி முடிவெடுத்துத்தான் ஊர் ஊராக மூடிவிட்டு ஒன்பது பெரியாஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். மூடிய பிறகு நானும் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பதினைந்து வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகள் பிழைத்தன, சத்தியமாகப் பிழைத்தன. ஆனால் எட்டாம் மாதமே ஊரை விட்டு வந்து, விடுதியில் ஆயிரம் பெண்களோடு ஒருத்தியாகப் படுத்துக்கிடந்து, வலி வந்ததும் எண் ஒட்டிய கட்டிலில் ஏறி, முகம் தெரியாத கைகளில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு போனார்கள். சிலர் அதற்குப் பயந்து வயிற்றை மறைத்தார்கள். வழியில் பஸ்ஸிலேயே பெற்றார்கள். கடைசியில் ஊர் ஊராகச் சத்தம் கிளம்பியது. அரசாங்கமும் வேறு வழியில்லாமல் கணியிடம் கேட்டது: பிள்ளைகள் சாகாத சின்ன ஆஸ்பத்திரி என்று ஒன்று எங்காவது, எப்போதாவது இருந்ததா?

கணி அறுபது வருடத்துப் பழைய பேரேடுகளையெல்லாம் படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தைச் சொன்னதாம். பதினோரு வருடம், மூவாயிரத்து முந்நூறு பிரசவம். பிறந்த பிள்ளை ஒன்றுகூட முதல் வாரத்தில் சாகவில்லை. மணல்குளம்.

"அப்படி என்னதான் செஞ்சீங்க நீங்க எல்லாரும்?" என்று கேட்டாள் ஷமீமா. கேட்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானோ எழுந்து போய் அவளுக்கு இன்னும் கொஞ்சம் காபி எடுத்து வந்தேன்.

திருச்சிக்குப் பக்கத்தில் பெரிய கொட்டகை ஒன்றுக்குள் முதல் மாதிரியைக் கட்டி வைத்திருந்தார்கள். பழைய படங்களையும் பேரேட்டையும் பார்த்துக் கணி வரைந்தது. சரியா என்று பார்த்துச் சொல்ல உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். டாக்டர் உமையொருபாகம் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. எங்கள் ஆயா முப்பிடாதி அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள்.

உள்ளே காலை வைத்தேன். இடுப்பு உயரத்துக்கு அதே பச்சைப் பெயின்ட், அதற்கு மேலே சுண்ணாம்பு. டெட்டாலும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாசனையை எங்கிருந்து பிடித்தார்களோ தெரியாது. இரண்டாம் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை அண்டை கொடுத்திருப்போம். அட்டையும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளக் காற்று அடிப்பதுபோல ஒரு விசிறியைக்கூட வைத்திருந்தார்கள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, சுற்றி நின்ற இளவட்டங்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

இரண்டு நாள் அங்கே எனக்கு ராஜ உபசாரம். குழாய் இன்னும் கொஞ்சம் சொட்ட வேண்டும் என்றேன்; சொட்ட வைத்தார்கள். சுவரில் பல்லி கிடையாதே என்றேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார்கள். பிரசவத்துக்கு வந்த பெண்களின் புருஷன்மாரை டாக்டர் வராந்தாவில் உட்கார வைத்துக் கேரம் ஆடுவார். ஆடத் தெரியாது என்று தப்பிக்க முடியாது. வெளியே நின்று புலம்புகிற நேரத்துக்கு ஒரு காயை உள்ளே தள்ளு என்பார். ஒருத்தன் சிவப்புக் காயைப் போட்ட அதே நேரம் அவனுக்குப் பெண் பிறந்து, எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் முழித்தான். பிள்ளைகள் பிழைத்ததில் கேரத்துக்கும் நூற்றில் மூன்று பங்கு உண்டு என்று கணி கண்டுபிடித்திருந்தது. நூற்றுப் பதினெட்டு கேரம் பலகைகள் தயாராக இருந்தன.

முப்பிடாதிக்குப் பதினோரு பங்கு கொடுத்திருந்தது. வலியெடுத்த பெண்ணின் முதுகிலிருந்து அவள் கையை எடுக்கவே மாட்டாள். பத்து மணி நேரமானாலும் சரி, ஒரு கை அங்கேயே இருக்கும், இன்னொரு கையால் வெற்றிலை போடுவாள். அந்தப் பங்கு நியாயம்தான். அவள் கை பட்ட பெண்கள் பயப்படவில்லை, அதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு காலம் இனி வராது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது, பெயின்ட் வாசனையோடு.

இரண்டாம் நாள் சாயங்காலம், தை முதல் தேதி திறக்கிறோம் என்றாள் ஷமீமா. முதல் வருடம் மட்டும் நாற்பதாயிரம் பெண்கள் வருவார்களாம். பதிவு தொடங்கி ஒரு வாரத்தில் பன்னிரண்டாயிரம் பெயர் சேர்ந்துவிட்டது. எத்தனை டாக்டர் என்று கேட்டேன். "உங்க மாதிரியேதான் சிஸ்டர், இடத்துக்கு ஒருத்தர்" என்றாள் சந்தோஷமாக. அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை இரண்டாம் கட்டிலில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்.

எனக்கு இருபத்தெட்டு வயதாக இருக்கும்போது பவளக்கொடி என்று ஒரு பெண் எங்களிடம் பிள்ளை பெற்றாள். பிள்ளை இருபது நிமிடம் இருந்தது, பிறகு போய்விட்டது. உயிரோடு பிறந்து செத்தால் விசாரணை உண்டு. ஒரு குழு வீட்டுக்கே வந்து தாயை உட்கார வைத்துக் கேட்கும். என்ன சாப்பிட்டாய், ஏன் தாமதமாக வந்தாய், மாத்திரையை எத்தனை நாள் விட்டாய் என்று அறுபத்து நாலு கேள்வி. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் கேட்டார்கள், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மாமியாரும் தெருவும் சுற்றி நின்று கேட்டார்கள். முடியும்போது பிள்ளையைக் கொன்றவள் அவள்தான் என்று ஆகிவிட்டது. பவளக்கொடியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். புருஷன் திரும்ப வந்து கூப்பிடவே இல்லை.

செத்தே பிறந்தால் அந்த விசாரணை கிடையாது. அழாத பிள்ளை, கடவுள் கொடுக்கவில்லை என்று ஊரும் விட்டுவிடும். அடுத்த பிள்ளை அப்படிப் போனபோது நான் பேரேட்டைத் திறந்தேன். முப்பிடாதி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யம்மா, அழவே இல்லன்னு எழுதிரு. அந்தப் பிள்ளயாவது வாழட்டும்."

அந்தப் பிள்ளை என்று அவள் சொன்னது தாயை. நான் எழுதினேன். டாக்டர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார், முப்பிடாதியைத் திட்டினார், அரை மணி நேரம் வராந்தாவில் நடந்தார். பிறகு வந்து கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருடம், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போன பிள்ளைகள் எல்லாம் எங்கள் பேரேட்டில் அழாத பிள்ளைகள்தான். கொஞ்சம் தாக்குப்பிடித்தவற்றை ஆம்புலன்சில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுவோம். அவை பிழைத்தாலும் போனாலும் அந்த ஊர்ப் பேரேட்டில் வரும். எங்கள் ஏடு சுத்தமாக இருந்தது.

ஷமீமா கையிலிருந்த திரையில் கணியிடம் கேட்டுப் பார்த்தாள். செத்துப் பிறந்தவை ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே போயிருக்கும் என்று கணி அவற்றை இந்தக் கோட்டில் சேர்க்கவே இல்லையாம். மணல்குளத்தில் அவை கொஞ்சம் அதிகம் என்பதையும் அது பார்த்திருக்கிறது. உப்புத் தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

எத்தனை பேர் என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றேன், இரண்டாம் வருடம் மட்டும் மூன்று என்றேன். எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுகூட.

"ஒரு வருஷத்துல மூணு பிள்ள போனா ரெண்டாவது டாக்டர் போடணும்னு அப்ப ஒரு உத்தரவு இருந்துச்சு சிஸ்டர்" என்றாள் மெதுவாக. "ரெண்டாவது வருஷமே உங்களுக்கு ஆள் வந்திருக்கும்."

எனக்கு அந்த உத்தரவு தெரியும். நோட்டீஸ் பலகையில் நானே ஒட்டியது. ஒவ்வொரு தாயாகப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினோம். அடுத்து வரப்போகிற பிள்ளையை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. வயதான பிறகுதான் இது உறைத்தது, உறைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பெயரோடு செத்துப்போன இரண்டு பேரைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. இப்போது நாற்பதாயிரம் பெண்கள் எங்கள் பொய்க்குள் வந்து படுக்கப்போகிறார்கள் என்றதும்தான் வாய் திறந்தது.

திறப்பதை நிறுத்திவைக்க அவள் அங்கிருந்தே தகவல் அனுப்பினாள். அடுத்து அவள் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பழைய பதிவைத் திருத்தினால் உயிரோடு இருக்கும் தாய்மார்களுக்குச் சொல்லியாக வேண்டும், அது சட்டம் என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"கணிக்குச் சொல்லுங்க, மந்திரிக்குச் சொல்லுங்க, என்னய ஜெயில்ல கூடப் போடுங்க. அவங்களுக்கு வேண்டாம். எனக்கும் ஒண்ணு அழாமத்தான் போச்சு. எட்டாம் மாசம், அதே ஆஸ்பத்திரி, மயக்கம் குடுத்து எடுத்தாவ. முழிச்சுப் பாத்தா தொட்டில் இல்ல. அப்புறம் எனக்குப் பிள்ளயே இல்ல. ஆனா அது கண்ணத் தொறக்கல, அழல, நம்மளத் தேடலன்னு நெனச்சு நெனச்சுத்தான் நான் தேறுனேன். அந்த ஆறுதல எடுக்காதீய."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டையும் உண்மையாகவே செத்துப் பிறந்தவற்றிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று மட்டும் கேட்டாள். அதற்கு ஒரு வழி இருந்தது. முப்பிடாதிக்கு எழுதத் தெரியாது. மூச்சு விட்டுப் போன பிள்ளையைத் துணியில் சுற்றும் முன்னால் கன்னத்தில் கண்மையால் ஒரு பொட்டு வைப்பாள். அதே விரலால் பேரேட்டிலும், பிள்ளையின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில், ஒரு பொட்டு வைப்பாள். கணக்கில் வராவிட்டால் போகிறது, ஒரு பொட்டாவது இருக்கட்டும் என்பாள். கணி அதை மைக்கறை என்று துடைத்துவிட்டுப் படித்திருக்கும்.

துடைக்காமல் படிக்கச் சொன்னாள் ஷமீமா. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் ஆனது.

"இருபத்து மூணு வருது சிஸ்டர்."

ஒன்றை விட்டிருப்பேன் என்றேன். நடுவில் நான் மூன்று மாதம் விடுப்பில் இருந்தேன், அப்போது நடந்திருக்கலாம். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் அந்த விடுப்பு எதற்காக என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஷமீமா திரையைத் திருப்பினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒருநாளும் திறந்து பார்க்கத் துணியாத அந்தப் பக்கம் என் கையெழுத்தில் இல்லை, டாக்டரின் கோணல் கையெழுத்தில் இருந்தது. சலோமி தங்கதுரை, வயது இருபத்தொன்பது. பெண் பிள்ளை. அழவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் முப்பிடாதியின் விரல் இருந்தது, ரேகை வரைக்கும் தெளிவாக.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை வருடம் அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். முப்பிடாதி சாகும்போது அவள் வாயில் பால் ஊற்றியது நான். ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான் மற்றவர்களுக்குச் செய்ததைத்தானே எனக்கும் செய்தார்கள் என்று புத்தி சொன்னது. புத்தி சொல்வதை மனசு கேட்டதா என்றால், இன்றைக்கு வரை இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. எத்தனை நிமிடம்? கண்ணைத் திறந்தாளா? டாக்டர் கையில் இருந்தாளா, முப்பிடாதி மடியிலா? பொட்டு வைத்தவளும் போய்விட்டாள், எழுதியவரும் போய்விட்டார். ஷமீமா பேரேட்டின் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். நேரம் எங்கேயும் இல்லை. அந்த இருபத்திரண்டு தாய்மாருக்குச் சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன், எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

கடிதம் அனுப்ப வேண்டாம், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

நூற்றுப் பதினெட்டில் நாற்பத்தொன்றை மட்டும், இரண்டாவது டாக்டரோடு, பெரியாஸ்பத்திரிக்கு அரை மணி நேரத் தூரத்துக்குள் இருப்பவையாகப் பார்த்துத் திறந்தார்கள். மற்ற ஊர்ப் பெண்கள் மறுபடியும் பெட்டியைக் கட்டினார்கள். அவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள், திட்டட்டும். கேரம் பலகைகளைத் திருப்பி வாங்கவில்லை என்று கேள்வி.

முதலில் சுடலைவடிவின் வீட்டுக்குப் போனோம். அப்போது உப்பளத்தில் வேலை பார்த்த பெண், இருபது வயதில் எங்களிடம் வந்தவள். இப்போது தூத்துக்குடியில், மூத்த மகளின் வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, சிஸ்டரம்மா என்று இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மிக்சரும் கலர் சோடாவும் வந்தன. ஷமீமா என்னைப் பார்த்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. உன் பையன் செத்துப் பிறக்கவில்லை வடிவு, அழுதான், நான் பொய் சொன்னேன் என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தெரியும் சிஸ்டரம்மா. எனக்குக் கேட்டுச்சு."

நான் தம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தேன்.

"ரெண்டு தடவ கத்துனான். பெறகு பூனக்குட்டி மாதிரி. நீங்க வந்து அழவே இல்லன்னு சொல்லும்போது நீங்கதான் அழுதுக்கிட்டு இருந்தீய. சரி, நமக்காவத்தான சொல்லுதாவ, நாம கேட்டோம்னு சொன்னா அவுக வருத்தப்படுவாவன்னு விட்டுட்டேன்."

அவளுடைய மகள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கதை அவளுக்கும் புதிது என்பது முகத்தில் தெரிந்தது. சுடலைவடிவு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நேரம் இருந்தான் சிஸ்டரம்மா?"

"பதினாலு நிமிஷம். என் கையிலதான் இருந்தான். கண்ணத் தொறந்து பாத்தான்."

அவள் விரல்களை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தாள்.

"நான் அஞ்சு நிமிஷம்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றாள்.

மகளைக் கூப்பிட்டு, தம்பி பதினாலு நிமிஷம் இருந்தானாம் என்று சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, அவன் யார் சாடை என்று கேட்டாள். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.